கூரையிலிருந்து கூரைக்கு

கையில் ரேடியோ இருந்தும்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் கடலோர ஊர்களில் பலருக்கும் ஒரே சந்தேகம் வரும். செல்பேசியில் சார்ஜ் இருக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் டவர் சாயவில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. இருந்தும் மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் அக்காவிடம் “நல்லா இருக்கியா?” என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை இதைப் பட்டது. 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்கள் பட்டன. செல்பேசி என்பதே ஒரு ரேடியோதான். அக்கா கையில் ஒன்று, நம் கையில் ஒன்று, நடுவில் வெறும் காற்று. பிறகு எது தடுக்கிறது?

செல்பேசியில் பேசும்போது இரண்டு கருவிகளும் நேரடியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதுதான் விடை. நம் குரல் முதலில் டவருக்குப் போகிறது. அங்கிருந்து கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ வேறொரு ரேடியோ இணைப்பு வழியாகவோ தொலைவிலுள்ள இணைப்பகத்துக்குப் போய், திரும்ப அதே டவருக்கு வந்து, மூன்றாவது தெருவில் இறங்குகிறது. இந்தச் சுற்றுப்பாதையில் எந்த இடம் அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். டவர் நிமிர்ந்து நின்றாலும் அதன் அடியிலுள்ள பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி, மரம் விழுந்த சாலையில் நிற்கும். எல்லா இழைகளும் ஒரு மையத்தில் போய்ச் சேரும் அமைப்பில், மையம் அணைந்தால் ஊரே அணைகிறது.

மையமே இல்லாத ஓர் அமைப்பு முடியுமா? கூரைக்குக் கூரை ஒரு சிறு பெட்டி; ஒவ்வொரு பெட்டியும் தன் அக்கம்பக்கத்துப் பெட்டிகளோடு மட்டும் பேசும்; தனக்கு வந்த செய்தி தனக்குரியதில்லை என்றால் அடுத்த பெட்டிக்குக் கடத்திவிடும். மெஷ் என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் இதை இந்த அத்தியாயத்தில் கண்ணிவலை என்போம். அதிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணு. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செய்தி போவது ஒரு தாவல்.

பாரன் போட்ட கணக்கு

இந்த எண்ணம் வைஃபையைவிடப் பழையது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுகளோடு எதிரெதிரே நின்ற 1960களின் தொடக்கத்தில், ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் பாரன் என்ற பொறியாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். பாதி இணைப்பகங்கள் தகர்ந்த பிறகும் மிச்சமிருப்பவை தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டுமானால் வலையை எப்படிப் பின்னுவது?

எல்லாரையும் எல்லாரோடும் இணைத்துவிடலாம். ஆனால் அதற்கான செலவை எந்த அரசாலும் தாங்க முடியாது. பாரன் கணினியில் வலைகளை அமைத்து, கணுக்களைக் கண்டபடி அழித்துப் பார்த்தார். எல்லாக் கணுக்களையும் ஒருவழியாகக் கோத்துவிடுவதற்குக் குறைந்தபட்சம் எத்தனை இணைப்புகள் வேண்டுமோ, அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்தால் போதும் என்று தெரிந்தது. அதற்குமேல் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. பெரும்பகுதி அழிந்த பிறகும் உயிரோடு இருக்கும் கணுக்களில் ஏறக்குறைய எல்லாமே ஒன்றையொன்று எட்டின. 1964இல் வெளியான அவருடைய அறிக்கைகளில் இன்னொரு யோசனையும் இருந்தது. செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்பினால், துண்டுகள் கிடைத்த வழியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அத்துண்டுகளைப் பொட்டலங்கள் என்று அழைப்போம். இன்றைய இணையம் முழுவதும் பொட்டலங்களில்தான் ஓடுகிறது. ஆனால் நம் வீட்டுக்கு வந்து சேரும் கடைசி இழை இன்னமும் பெரும்பாலும் ஒற்றை இழைதான். பாரன் கண்ட பலம் அந்தக் கடைசித் தெருவை எட்டவில்லை.

ரெட் ஹூக், 2012

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ரெட் ஹூக் என்றொரு வட்டாரம். மூன்று பக்கம் தண்ணீர், நான்காவது பக்கம் விரைவுச்சாலை. எளிய மக்கள் வாழும் பெரிய அரசுக் குடியிருப்பு அங்கே இருக்கிறது. ரெட் ஹூக் இனிஷியேட்டிவ் என்ற சமூக மையம், ஓப்பன் டெக்னாலஜி இன்ஸ்டிடியூட் என்ற அமைப்போடு சேர்ந்து, அந்த மக்களுக்காகச் சில கூரைகளில் வைஃபை கண்ணிவலை அமைக்கத் தொடங்கியிருந்தது. பேரிடரை நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. அக்கம்பக்கச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளவும், கூடவே கொஞ்சம் இணையம் கிடைக்கவும்தான்.

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கடலை வட்டாரத்துக்குள் தள்ளியது. குடியிருப்புகளில் மின்சாரம் போனது. பல கட்டடங்களில் அது திரும்ப வாரக்கணக்கானது. சமூக மையத்தின் கட்டடத்தில் மட்டும் மின்சாரம் இருந்தது, அதன் கூரையிலிருந்த கணுவும் உயிரோடு இருந்தது. மக்கள் அங்கே குவிந்தார்கள். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பினர் தங்கள் செயற்கைக்கோள் இணைப்பைக் கொண்டுவந்து இந்த வலையோடு கோத்தார்கள். பூங்கா ஓரத்தில் நின்றவர்கள்கூட உறவினருக்குத் தகவல் அனுப்பவும், உதவி எங்கே கிடைக்கிறது என்று பார்க்கவும் அது பயன்பட்டது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. புயலுக்கு முன்பே அந்த வலை அங்கே இருந்தது. சில கூரைகளில் மட்டும் இருந்தாலும் பெட்டியை மாட்டத் தெரிந்தவர்களும், ‘எங்கள் மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன வீட்டுக்காரர்களும் முன்பே இருந்தார்கள். அதனால் செயற்கைக்கோள் இணைப்பு வந்ததும் அதை நீட்டிக்கொள்ள முடிந்தது. பேரிடர் வந்த பிறகு பெட்டியைப் பிரித்துக் கையேடு படிப்பவர்களுக்கு அது வாய்க்காது.

எந்த வழி மலிவு?

மையம் இல்லையென்றால் வழியை யார் சொல்வது? கண்ணிவலையின் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொண்டு பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடலோரத்தில் ஒரு சிற்றூர். பள்ளிக்கூடத்துக்கு இணைய இணைப்பு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது வேண்டும். இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்பு. ஒரு பக்கம் உயரமான தண்ணீர் டேங்க். இன்னொரு பக்கம் மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடமும், அதையடுத்து ஒரு புயல் பாதுகாப்பு மையமும். ஐந்து இடத்திலும் ஒவ்வொரு கணு.

ஒவ்வொரு கணுவும் ஓரிரு நொடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று சிறு குறிப்பை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கணு, கடைசியாக வந்திருக்க வேண்டிய குறிப்புகளில் எத்தனை உண்மையில் வந்தன என்று எண்ணி வைத்துக்கொள்ளும். எண்ணியதை அது தன் குறிப்பில் சேர்த்துத் திரும்பச் சொல்லும். இப்படி இரு கணுக்களுக்கும் போகும் திசை, வரும் திசை இரண்டின் தரமும் தெரிந்துவிடும். இரண்டு திசையும் ஏன் வேண்டும்? பொட்டலம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை திரும்பி வந்தால்தான் அனுப்பிய கணு நிம்மதியாக அடுத்ததை எடுக்கும். ஒப்புகை தொலைந்தால் அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும்.

சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கு நேராகத் தோப்பின் வழியே அனுப்பினால், 100 பொட்டலங்களில் 50 போய்ச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த 50க்கும் வரும் ஒப்புகைகளில் பாதிதான், அதாவது 25தான் திரும்புகின்றன. நூறு முறை அனுப்பினால் 25 வெற்றி என்றால், 100 பொட்டலங்களை முழுதாகச் சேர்க்க 400 முறை அனுப்ப வேண்டும். ஒரே தாவல்தான், ஆனால் விலை 400.

தண்ணீர் டேங்க் வழியாகப் போனால் இரண்டு தாவல். ஒவ்வொன்றிலும் தெளிந்த பார்வைக்கோடு. 100க்கு 90 போகிறது, ஒப்புகைகளும் பத்தில் ஒன்பது வருகின்றன. ஆக 81 வெற்றி. 100 பொட்டலத்துக்கு ஏறக்குறைய 123 முறை அனுப்பினால் போதும். இரண்டு தாவலுக்கும் சேர்த்து 247. வழி நீளம், விலையோ குறைவு. கணுக்கள் டேங்க் வழியைப் பிடித்துக்கொள்கின்றன.

இப்போது காற்று பலத்து, டேங்கின் மேலிருக்கும் ஆன்டெனா சற்றே திரும்பிவிடுகிறது. சுகாதார நிலையத்துக்கும் டேங்குக்கும் இடையே பத்தில் ஆறு மட்டுமே போகிறது, ஆறே திரும்புகிறது. 100க்கு 36 வெற்றி. அந்தத் தாவலின் விலை 278 ஆக ஏறுகிறது. மொத்தம் 401. அதே நேரத்தில் கூட்டுறவுச் சங்கம், பாதுகாப்பு மையம் வழியாக மூன்று தாவலில் ஒரு பாதை இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் இரு திசையிலும் நூற்றுக்கு 95 தேறுகிறது. கணக்குப் பார்த்தால் தாவலுக்கு ஏறக்குறைய 111, மூன்றுக்கும் 332 தான். யாரும் ஏணி எடுக்கவில்லை. எந்தப் பொறியாளருக்கும் போன் போகவில்லை. சில குறிப்புகள் வராமல் போனதை எண்ணிய கணுக்கள் தாமாகவே பாதையை மாற்றிக்கொள்கின்றன.

குறைந்த தாவல் உள்ள வழியே நல்ல வழி என்றுதான் ஆரம்பகால வலைகள் எடுத்துக்கொண்டன. அப்படி எடுத்தால் தோப்புக்குள் நுழையும் மோசமான நேர்வழியைத்தான் அவை தேர்ந்தெடுக்கும். எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையே விலையாக வைக்கும் முறையை எம்ஐடி ஆய்வாளர்கள் 2003இல் முன்வைத்தார்கள். வீட்டுக் கூரைகளில் ரூஃப்நெட் என்ற வலையைப் பரப்பிய குழு அது. பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வலர் இயக்கத்தினர், ஊர் முழுவதன் வரைபடத்தை ஒவ்வொரு கணுவும் சுமப்பது சிறு பெட்டிகளுக்குப் பளுவாகிறது என்று கண்டு, ‘அந்த ஊருக்குப் போக எந்தப் பக்கத்து வீட்டைக் கேட்க வேண்டும்’ என்பதை மட்டும் நினைவில் வைக்கும் முறையை 2006 வாக்கில் உருவாக்கத் தொடங்கினார்கள். வழிமுறைகள் பல. அடிப்படை ஒன்றே: தொலைந்ததை நேர்மையாக எண்ணு, எண்ணியதைப் பக்கத்துக்காரரிடம் சொல்.

பார்வைக்கோடு போதாது

எந்தக் கூரை என்று தேர்வுசெய்யும்போது பலர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுமுனை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலைக்கு நூல் பிடித்த கோடு போதாது. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவ இடம் அதற்கு வேண்டும். இரு கணுக்களுக்கிடையே ஒரு கிலோமீட்டர் என்றால், சாதாரண வைஃபை அலைக்கு நடுவழியில் அந்த வடிவத்தின் ஆரம் 5.6 மீட்டர். அதில் முக்கால்வாசி காலியாக இல்லாவிட்டாலும், ஐந்தில் மூன்று பங்காவது, அதாவது மூன்று மீட்டருக்கு மேல், தடையின்றி இருக்க வேண்டும். தென்னை மட்டைக்கு ஒரு முழம் மேலே கோடு போகிறதே என்று திருப்திப்பட்டால் ஏமாற்றம்தான். அதுவும் மழையில் நனைந்த இலைகள் அலையை விழுங்கும். சித்திரையில் நன்றாக ஓடிய இணைப்பு ஐப்பசியில் தள்ளாடும்.

கூரைகளைத் தேர்ந்ததும் கணுக்களை உடனே மேலே ஏற்றிவிடாமல், முதலில் கீழே ஒரே மேசையில் வைத்து இயக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே வலைப்பெயர், ஒரே அலைவரிசை எண், ஒரே கடவுச்சொல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரி. ஒன்றையொன்று அவை அடையாளம் கண்டுகொண்ட பிறகே மாடிக்கு ஏற்ற வேண்டும். ஏணியின் உச்சியில் நின்று எழுத்துப்பிழை தேடுவது ஆபத்தும்கூட.

தண்ணீர், உப்பு, மின்சாரம்

வெளியில் மாட்டும் பெட்டிகளில் ஐபி67 என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் சேதமில்லை. இந்த வாக்குறுதி மூடி சரியாக மூடியிருக்கும்வரை மட்டுமே. கூடுதலாக ஒரு கம்பி நுழைக்க டிரில்லால் ஓட்டை போட்ட கணமே அது செல்லாது. உப்புக்காற்றைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. கடலோரத்தில் பெட்டியைவிட முதலில் போவது அதைத் தாங்கும் கிளாம்ப்தான். துருப்பிடிக்காத எஃகில் வாங்குவது செலவில்லை, சேமிப்பு.

தண்ணீர் பெரும்பாலும் கம்பி வழியாகவே உள்ளே வரும். கம்பியைப் பெட்டிக்குள் நுழைக்குமுன் ஒரு வளைவாகத் தாழ இறக்கி, பிறகு மேலேற்றி நுழைத்தால், வழிந்து வரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். இணைப்புத் துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். வெயிலில் நொறுங்கும் வெள்ளை டேக்குகளை விடுத்துக் கறுப்பு டேக்குகளால் கட்டுங்கள். தரவும் மின்சாரமும் ஒரே கம்பியில் போகும் வசதி இப்பெட்டிகளில் உண்டு. அதன் எல்லை 100 மீட்டர். இடி மின்னலுக்காகக் கம்பியின் கீழ்முனையில் மின்னெழுச்சித் தடுப்பானும் முறையான எர்த்தும் தேவை.

இத்தனைக்கும் பிறகு, பெட்டிகளைக் கொல்வதில் முதலிடம் மழைக்கு இல்லை என்பதற்குத் தேனி சாட்சி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, 2005 தொடங்கி தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்தபடியே நோயாளி தேனியிலிருக்கும் மருத்துவரோடு திரையில் பேசினார். இது கண்ணிவலை இல்லை, முனைக்கு முனை நேர் இணைப்பு. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொது. அங்கே திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தது மின்சாரத்தின் தரம். மின்னழுத்தம் திடீரென எகிறியதில் மின்வழங்கிகளும் பலகைகளும் எரிந்தன. தாழ்ந்தபோது பெட்டிகள் பாதி விழிப்பில் சிக்கின. பேட்டரிகள் அடிவரை வடிந்து வீணாயின. குழு கடைசியில் மின்சாரத்தைச் சீர்செய்யும் கருவிகளிலும், மருத்துவமனை ஊழியர்களைப் பழக்குவதிலும் உழைப்பைச் செலுத்த வேண்டிவந்தது.

ஒரு கணு சராசரியாக 6 வாட் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், ஒரு நாளுக்கு 144 வாட்-மணி. கணினி யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 84. பாதிக்குமேல் வடித்தால் ஆயுள் குறையும் என்பதால் கைக்குக் கிடைப்பது 42. ஏழு மணி நேரம். புயல் இரவைத் தாண்டாது. 40 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் இதே கணக்கில் 40 மணி நேரம் தாங்கும். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழ் இறங்கியதும் தானே துண்டிக்கும் சிறு சாதனத்தையும் சேர்த்துவிடுங்கள். ஆன்டெனாவில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்க வேண்டும் என்பேன்.

தாவலுக்கு ஒரு விலை

கண்ணிவலைக்கு ஒரு குறை உண்டு. விற்பவர்கள் அதை மெல்லத்தான் சொல்வார்கள். ஒரே ரேடியோவை வைத்திருக்கும் கணுவால் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டே பேச முடியாது. வாங்கிய பிறகே கடத்த முடியும். அதனால் இரண்டு தாவலில் வேகம் பாதி, மூன்றில் மூன்றில் ஒரு பங்கு. கணுவுக்கு இரண்டு ரேடியோ, இரண்டு வெவ்வேறு அலைவரிசை என்று வைத்தால் இது பெரிதும் தீரும். மின்செலவும் பணச்செலவும் ஏறும். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கி 30,000 கணுக்களைத் தாண்டி வளர்ந்த குய்ஃபி வலைகூட, முதுகெலும்புக்கு நேர் இணைப்புகளையும் கண்ணாடி இழையையும் பயன்படுத்துகிறது. கண்ணிவலை ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படமும் குரலும் வேண்டாம், எழுத்துச் செய்தி போதும் என்றால் கணக்கே மாறும். லோரா என்ற ரேடியோ முறை வேகத்தைத் துறந்து தூரத்தை வாங்குகிறது. அதன்மேல் இயங்கும் மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருள் 2020இல் தொடங்கியது. உள்ளங்கையளவு கருவி, சிறு பேட்டரியிலேயே நாள்கணக்கில் ஓடும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, அனுமதித்த திறனுக்குள், உரிமம் இல்லாமலே இதைப் பயன்படுத்தலாம். ஊருக்கெல்லாம் அனுப்பும் செய்திகளுக்கு இங்கே கணுக்கள் வழிக்கணக்குப் போடுவதில்லை. அப்படியொரு செய்தியைக் கேட்ட கணு சற்றுக் காத்திருக்கும். தனக்கு முன் வேறொன்று அதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் வாய்மூடிக்கொள்ளும். மங்கலாகக் கேட்டவை, அதாவது பெரும்பாலும் தொலைவிலிருப்பவை, முதலில் பேசும். செய்தி அதனால் வெளிநோக்கி விரிகிறது. இயல்பாக மூன்று தாவலோடு நிற்கும்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செய்திக்கு அங்கே கிடைக்கும் இடம் ஏறத்தாழ 200 பைட். தமிழில் உயிர்மெய்யின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிக் குறியாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘தண்ணீர்’ என்ற ஒரு சொல்லுக்கே 21 பைட் போய்விடும். பேரிடர் நேரத்தில் அனுப்ப வேண்டிய செய்திகளை, எந்தத் தெரு, எத்தனை பேர், என்ன தேவை என்று சுருக்க வடிவில் முன்பே ஊரோடு பேசி எழுதி வைப்பது நல்லது.

ஒன்றை அணைத்துப் பாருங்கள்

வலை அமைத்து முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. காற்றில்லாத ஒரு பகலில், வலையில் மிக முக்கியமானது என்று நீங்கள் நினைக்கும் கணுவின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். நம் கற்பனை ஊரில் அது தண்ணீர் டேங்க். சுகாதார நிலையத்தில் ஒருவர் பள்ளிக்கு இடைவிடாமல் சிறு பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருக்கட்டும். பதில் நின்று, மறுபடி எத்தனை நொடியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் அடுத்த கணுவை அணையுங்கள். வராவிட்டால் அந்த இடத்தில் மாற்றுவழி இல்லை என்று பொருள்; இன்னொரு கூரை தேட வேண்டும். பாரன் கணினிக்குள் செய்ததை இப்படி ஊருக்குள் செய்து பார்க்கலாம்.

ரெட் ஹூக்கில் புயலுக்குப் பிறகு அந்த வட்டாரத்து இளைஞர்களுக்கே கணுக்களை அமைக்கவும் பழுது பார்க்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். நம் சிற்றூரிலும் இந்த அணைப்புச் சோதனையை ஐப்பசிக்கு முன்பு ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களை வைத்தே நடத்தலாம். ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் அதன் முகவரியையும், பேட்டரி மாற்றிய தேதியையும், அந்த மாடியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அழியாத மையில் எழுதி வையுங்கள்.